ஆம்னியின் பின் ஆக்சில்: எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே கூடாது

கேள்வி: பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் இருக்கிறோம். நானும் என் கணவரும் வீட்டில் இட்லி, சாம்பார், பொங்கல் செய்து, காலையில் பீன்யாவில் உள்ள இரண்டு கம்பெனி கேன்டீன்களுக்கு எங்கள் மாருதி ஆம்னியில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். 2012 பதிவு, மூன்றாவது கையாக வாங்கிய வண்டி. இரண்டு மாதமாக 40-ஐத் தாண்டினால் பின்பக்கம் உறுமுகிற சத்தம் வருகிறது. வலது பின் சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய் வழிந்திருக்கிறது. மேம்பாலத்து ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக் நிற்பதில்லை. ஒரு பட்டறையில் பின் ஆக்சிலை முழுசாக மாற்ற வேண்டும், 38,000 ஆகும் என்றார்கள். இன்னொருவர், ஆக்சில் ராடு தேய்ந்துவிட்டது, வெல்டிங் வைத்து லேத்தில் கடைந்து 3,000-க்கு முடித்துத் தருகிறேன் என்கிறார். எங்களிடம் இருப்பது 12,000 ரூபாய். தீபாவளி வரை இப்படியே ஓட்டலாமா? இல்லை, வண்டியை விற்றுவிடுவது நல்லதா?

பதில்:

வணக்கம் அம்மா. 38,000 செலவும் வேண்டாம், 3,000 வெல்டிங்கும் வேண்டாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் 12,000-க்குள் இது முடிய நிறைய வாய்ப்பு இருக்கிறது. ஆனால் தீபாவளி வரை இப்படியே ஓட்டலாம் என்று என்னால் சொல்ல முடியாது. ஏன் என்று தெரிந்தால் நீங்களே இந்த வாரம் வண்டியை நிறுத்திவிடுவீர்கள். அதனால் அதை முதலில் சொல்கிறேன்.

ஆம்னியில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. இழுப்பது பின் சக்கரம். நடுவில் சுழற்சியை இரண்டு பின் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃப்ரன்ஷியல், அதிலிருந்து இரண்டு பக்கமும் ஹவுசிங் குழாய்க்குள் ஓடும் ஆக்சில் ராடு, ராடின் நுனியில் உள்ள தட்டில் பிரேக் டிரம், அதன் மேல் சக்கரம். இவ்வளவுதான் அமைப்பு. லாரியில் வண்டியின் எடையை ஹவுசிங் தாங்கும், ராடு சக்கரத்தைச் சுற்றும் வேலையை மட்டும் செய்யும். அதனால்தான் லாரிக்காரர்கள் சக்கரத்தைக் கழற்றாமலே ராடை உருவிவிடுவார்கள். ஆம்னி அப்படி இல்லை. ராடுதான் சக்கரத்தைச் சுற்றுகிறது, ராடுதான் எடையையும் தாங்குகிறது. அந்த எடை, ராடின் வெளிநுனியில் இருக்கும் ஒரே ஒரு பேரிங் வழியாக ஹவுசிங்குக்குப் போகிறது. பேரிங் ராடில் நகராமல் இருப்பதற்கு, அதை ஒட்டி ஓர் இரும்பு வளையத்தை பிரஸ்ஸில் இறுக்கி ஏற்றியிருப்பார்கள். போல்ட்டோ பின்னோ அதில் கிடையாது, பிடிப்பு முழுவதும் அந்த இறுக்கத்தில்தான். பேரிங் உடைந்தாலோ, வளையம் நழுவினாலோ, ராடு முறிந்தாலோ சக்கரம் ராடோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். கொதிக்கும் சாம்பார் பாத்திரங்களோடு துமகூரு சாலை மேம்பாலத்தில் போகிற வண்டிக்கு அப்படி ஆகக் கூடாது.

பணக் கணக்காகப் பார்த்தாலும் அப்படித்தான். பேரிங் சில நூறு ரூபாய்ப் பொருள். அது கெட்ட நிலையில் ஓடும் ஒவ்வொரு நாளும் ராடையும், ஹவுசிங்கில் பேரிங் உட்காரும் இடத்தையும் தேய்க்கிறது. இரண்டு மாதச் சத்தம் என்கிறீர்கள். இன்னும் இரண்டு மாதம் விட்டால், முதல் பட்டறைக்காரர் சொன்ன தொகை உண்மையாகவே தேவைப்படலாம்.

சரி, எது கெட்டிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முழு ஆக்சிலை மாற்றச் சொன்னவர் டிரம்மைக் கழற்றிப் பார்த்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. கழற்றாமல் சொல்லும் விலையை நம்பாதீர்கள். கழற்றுவதற்கு முன் உங்கள் கணவர் காதாலேயே பாதியைக் கண்டுபிடித்துவிடலாம்.

அதிகாலையில் காலியாக இருக்கும் சாலையில், பாத்திரங்கள் இல்லாமல், நிதானமான வேகத்தில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தார் ரோட்டில் ஒரு சத்தம், கான்கிரீட் ரோட்டில் வேறு சத்தம் என்று மாறினால் அது டயர். பெங்களூருவில் வெள்ளைத் தார் என்று கான்கிரீட் போட்ட சாலைகள் இப்போது நிறைய இருப்பதால் இந்தச் சோதனை சுலபம். ஆக்சிலேட்டரை அழுத்தினாலும் விட்டாலும் சத்தம் ஒரே மாதிரி, வேகத்தோடு மட்டும் கூடிக் குறைகிறது என்றால் அது சக்கர பேரிங். உங்கள் வீட்டு மாவு கிரைண்டரில் பேரிங் போனால் ஓர் உறுமல் வருமே, அதே சத்தம்தான். அப்படியே ஸ்டியரிங்கை லேசாக இடது பக்கம் ஒடித்தால் எடை வலது சக்கரத்தில் ஏறும். அப்போது உறுமல் கூடினால் வலது பேரிங் கெட்டிருக்கிறது என்று ஏறக்குறைய முடிவு செய்யலாம். மாறாக, ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது ஒரு ஊளை, காலை எடுத்ததும் அது நின்றுவிடுகிறது அல்லது வேறு சுருதிக்குப் போகிறது என்றால் நடுவில் டிஃப்ரன்ஷியலுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் என்ற பெரிய கியர் ஜோடியைச் சந்தேகிக்க வேண்டும். நேராகப் போகும்போது ஒன்றுமில்லை, திருப்பத்தில் மட்டும் கடகட என்றால் டிஃப்ரன்ஷியலுக்குள் இருக்கும் சின்ன கியர்கள். ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாற்றிக் கிளப்பும்போது ‘டக்’ என்று ஓர் அடி விழுந்தால் பெரும்பாலும் கியர் பாக்ஸிலிருந்து டிஃப்ரன்ஷியலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் ஜாயிண்ட் கிராஸ். கிராஸின் குப்பி ஓரத்தில் செந்நிறத் துருப்பொடி தெரியும், ஷாஃப்ட்டைக் கையால் முறுக்கிப் பார்த்தாலும் ஆட்டம் தெரிந்துவிடும்.

அடுத்து சக்கரத்தைத் தூக்கிப் பார்ப்பது. சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு ஜாக்கி போடுங்கள். ஆக்சிலுக்கு அடியில் ஜாக் ஸ்டாண்ட் இல்லாமல் யாரும் வண்டிக்குக் கீழே கையோ தலையோ நீட்டக் கூடாது. ஹாலோ பிளாக், செங்கல் இரண்டையும் நம்பாதீர்கள், அவை முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். ஸ்டாண்ட் சொந்தமாக இல்லையென்றால் தெரிந்த பட்டறையில் அரை மணி நேரம் இரவல் கேளுங்கள், கொடுப்பார்கள். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். கையில் தெளிவாக ஆட்டம் தெரிந்தால் அன்றோடு வண்டி நிற்க வேண்டும். ஆட்டம் இல்லையென்றால் ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றி, இன்னொரு கையைக் கமான் பட்டையின் (ஸ்பிரிங் பட்டை) மேல் வையுங்கள். பேரிங் கெட்டிருந்தால் மணலை அரைப்பது போன்ற அதிர்வு பட்டை வழியாகக் கைக்கு வரும். இடது பக்கமும் இதையே செய்து ஒப்பிடுங்கள். எது சரி, எது தவறு என்று அப்போது கைக்கே புரியும்.

வழிந்திருக்கும் எண்ணெயையும் பாருங்கள். அது இரண்டில் ஒன்றாக இருக்கலாம். விரலில் தடவினால் கெட்டியாக, கந்தக நாற்றம் அடித்தால் அது டிஃப்ரன்ஷியலிலிருந்து ராடு வழியாக வந்த கியர் ஆயில். மெலிதாக இருந்து, தண்ணீர் விட்டால் கரைந்து போனால் அது பிரேக் ஆயில். அப்படியென்றால் டிரம்முக்குள் இருக்கும் வீல் சிலிண்டர் ஒழுகுகிறது, முன்னால் பிரேக் ஆயில் டப்பாவின் மட்டமும் இறங்கியிருக்கும். அது சின்னச் செலவுதான். ஆனாலும் பிரேக் ஆயில் ஒழுகும் வண்டியை ஒரு நாள்கூட ஓட்டக் கூடாது.

நீங்கள் சொல்லும் மூன்று அறிகுறிகளும், அதாவது உறுமல், வலது பக்கக் கசிவு, பிடிக்காத ஹேண்ட் பிரேக், ஒரே காரணத்தில் இருந்து வருவதாகத்தான் எனக்குப் படுகிறது. ஆம்னியில் ஹேண்ட் பிரேக் பின் சக்கர டிரம்மில்தான் வேலை செய்கிறது. வலது பேரிங் தளர்ந்ததால் ராடு ஆடுகிறது. ஆடுகிற ராடு, ஆயிலை வெளியே விடாமல் தடுக்கும் ஆயில் சீலின் உதட்டைக் கெடுத்துவிட்டது. சீல் வழியாக வந்த ஆயில், டிரம்மில் உரசிப் பிடிக்கும் பிரேக் லைனரை நனைத்துவிட்டது. இப்படியானால் மாற்ற வேண்டியவை பேரிங், வளையம், சீல், லைனர், அப்புறம் ஆயில்.

ஆயில் கசிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, பல பட்டறைகளில் அதைப் பார்ப்பதே இல்லை. ஆக்சில் ஹவுசிங்கின் மேல் பக்கம் பிரீதர் என்று ஒரு சின்ன மூச்சுக்குழல் இருக்கும். ஓட ஓட உள்ளே சூடாகும் காற்று அதன் வழியாக வெளியேற வேண்டும். அது சேறால் அடைத்துப்போனால், விரிந்த காற்று ஆயிலைச் சீல் வழியாக வெளியே தள்ளும். புதுச் சீல் போட்டு ஒரு மாதத்தில் மறுபடி ஒழுகுகிறது என்று வருபவர்களில் பலருக்குக் கோளாறு இதுதான். மழைக் காலத்தில் இதன் மறுபக்கத்தையும் பார்க்கலாம். ரயில்வே பாலத்துக்கு அடியில் நுழைந்து போகிற வழிகளை நினைத்துப் பாருங்கள். மழை பெய்தால் அங்கே தண்ணீர் நிற்கும். சூடாக ஓடிவந்த ஆக்சில் குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, பிரீதர் வழியாகவும் தேய்ந்த சீல் வழியாகவும் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஆயில் பால் கலந்த காபி நிறத்துக்கு மாறியிருந்தால் தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். பிரீதரைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள். செலவே இல்லாத வேலை.

பேரிங் வேலையை எங்கே கொடுத்தாலும் உங்கள் கணவர் அரை நாள் கூடவே இருக்கட்டும். சக்கரம், டிரம் இரண்டையும் எடுத்து, டிரம்முக்குப் பின்னால் இருக்கும் பேக் பிளேட் என்ற தட்டின் நட்டுகளைக் கழற்றி, ராடை இழுப்பானால் வெளியே உருவுவார்கள். பழைய பிடிப்பு வளையத்தை கிரைண்டரால் மெலிதாக அரைத்து, உளியால் தட்டிப் பிளந்து எடுக்க வேண்டும். அரைக்கும்போது கல் ராடைத் தொடவே கூடாது. ராடில் விழும் ஒரு கீறல் போதும், பின்னாளில் அது அங்கேயே முறியும். கழற்றிய வளையத்தை மறுபடி போடக் கூடாது, புதியதுதான் போட வேண்டும். புதுப் பேரிங்கை பிரஸ்ஸில் ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும்தான் அழுத்தம் விழ வேண்டும். சம்மட்டியால் வெளிவளையத்தில் தட்டி ஏற்றினால் குண்டுகள் ஓடும் பாதையில் பள்ளம் விழுந்து, ஓரிரு மாதத்தில் அதே உறுமல் திரும்ப வரும். பேரிங் முழுதாக உட்கார்ந்த பிறகு, வளையத்தைத் தனியாக ஏற்ற வேண்டும். பட்டறையில் பிரஸ் இல்லையென்றால் ராடை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு லேத் கடைக்குப் போங்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ராஜாஜிநகர் தொழிற்பேட்டை இருக்கிறது. நீங்கள் தினமும் போகிற பீன்யாவில் தெருவுக்குத் தெரு மெஷின் ஷாப். சின்னத் தொகைக்கு ஏற்றித் தருவார்கள்.

ராடை உருவியதும் மூன்று இடங்களைப் பாருங்கள். பேரிங் உட்காரும் இடம், சீலின் உதடு உரசும் இடம், உள்நுனியில் இருக்கும் பல் வரிகள். சீல் உரசும் இடத்தில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் புதுச் சீலும் ஒழுகும். பள்ளம் சிறியது என்றால், சீலை ஹவுசிங்கில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்பின்னாக உட்கார வைத்து உதடு புது இடத்தில் உரசும்படி செய்யலாம். அதற்கு இடம் இருக்கிறதா என்று அளந்துபார்த்துச் செய்ய வேண்டும். பல் வரிகள் முறுக்கியது போல் சாய்ந்திருந்தால் ராடைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். பேரிங் உட்காரும் இடம் தேய்ந்து, புதுப் பேரிங் கையாலேயே வழுக்கி ஏறினாலும் அதே முடிவு.

அந்த இடத்தில்தான் வெல்டிங் பேச்சு வரும். ஆக்சில் ராடு மேற்பரப்பு கடினமாக்கப்பட்ட எஃகு. அதில் வெல்டிங் வைத்தால் அந்தச் சூட்டில் கடினத்தன்மை போய், பக்கத்து இடம் நொறுங்கும் தன்மைக்கு மாறிவிடும். லேத்தில் கடைந்த பிறகு பார்க்கப் பளபளவென்று புதிதாகத் தெரியும். முறிந்தால் வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே முறியும். பேரிங் வளையத்தை ராடோடு சேர்த்து இரண்டு புள்ளி வெல்டிங் வைப்பவர்களும் இருக்கிறார்கள். அதையும் விடாதீர்கள். தேய்ந்த இடத்தில் சென்டர் பஞ்சால் புள்ளி புள்ளியாகக் குத்தி மேடாக்கி, அதன் மேல் பேரிங்கை ஏற்றுவது இன்னொரு குறுக்கு வழி. அந்தப் புள்ளிகள் சீக்கிரமே நசுங்கிவிடும், பேரிங் மறுபடி சுழல ஆரம்பிக்கும். ஹவுசிங்கில் பேரிங் உட்காரும் குழி தேய்ந்திருந்தால் கதை வேறு. அதை போரிங் மெஷினில் பெரிதாக்கி, உள்ளே எஃகு புஷ் இறக்கி, சரியான அளவுக்குக் கடையலாம். அது முறையான வேலைதான். ஆனால் இரண்டு நுனியும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும், அதனால் அதற்கு உரிய மெஷின் இருக்கும் இடத்தில் மட்டும் கொடுங்கள்.

ராடு போய்விட்டது என்றாலும் பயப்பட வேண்டாம். இங்கேதான் உங்கள் ஊர் உங்களுக்கு உதவும். 1984-ல் 796 சி.சி. இன்ஜினோடு மாருதி வேன் என்ற பெயரில் வந்து, பிறகு ஆம்னி ஆன இந்த வண்டி 2019 வரை தயாரிப்பில் இருந்தது. 35 வருடம் ஓடிய மாடல் என்பதால் பழைய உதிரிபாகத்துக்குப் பஞ்சமே இல்லை. சிவாஜிநகர் குஜ்ரியில், அதாவது பழைய பொருள் சந்தையில், உடைத்த வண்டிகளின் பாகங்கள் விற்கும் கடைகளுக்குப் போங்கள். தமிழிலேயே பேரம் பேசலாம். அங்கே வேலை செய்யும் பையன்கள் ஒரு பாகத்தைக் கையில் வாங்கிப் பார்த்ததுமே எந்த வண்டி என்று சொல்லிவிடுவார்கள், அந்த அனுபவத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். இருந்தாலும் பழைய ராடைக் கையோடு கொண்டுபோய், இரண்டையும் பக்கத்தில் படுக்க வைத்து நீளத்தை அளந்து, பல் வரிகளை எண்ணி, தட்டில் உள்ள போல்ட் ஓட்டைகளைச் சரிபார்த்து வாங்குங்கள். மாருதி ஈகோ வேனின் ராடும் இதுவும் ஒன்றுதான் என்று யாராவது சொன்னால் அளக்காமல் நம்ப வேண்டாம். ராடைச் சமமான கண்ணாடி மேசையிலோ கடப்பைக் கல்லிலோ உருட்டினால் வளைவு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். துரு குழி விழுந்திருக்கக் கூடாது, வெல்டிங் தடயம் இருக்கவே கூடாது. பொருந்தவில்லை என்றால் திருப்பி எடுத்துக்கொள்வதாக ஒரு சீட்டு எழுதி வாங்குங்கள்.

பழையதாக வாங்கலாம் என்று நான் சொல்வது ராடு, ஹவுசிங், டிரம், டிஃப்ரன்ஷியல் போன்ற கனமான பாகங்களை மட்டும்தான். பேரிங், பிடிப்பு வளையம், சீல், லைனர், வீல் சிலிண்டர் ஐந்தும் புதிதாகத்தான் வாங்க வேண்டும். சக்கரம் கழன்று போகாமல் இருப்பதும் வண்டி நிற்பதும் இவற்றால்தான். இதில் நூறு இருநூறு மிச்சம் பிடிக்காதீர்கள். இவற்றை ஜே.சி. ரோட்டிலோ கலாசிபாளையத்திலோ பில் கொடுக்கும் கடையில் வாங்குங்கள். பேரிங்கில் போலி அதிகம். பழைய பேரிங்கின் முகத்தில் பொறித்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு அதே எண்ணைக் கேளுங்கள். அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு: 6206 என்று இருந்தால், கடைசி இரண்டு இலக்கமான 06-ஐ 5-ஆல் பெருக்கினால் உள்விட்டம் 30 மில்லிமீட்டர். எஸ்.கே.எஃப்., என்.பி.சி. போன்ற தெரிந்த கம்பெனிப் பேரிங்காக, அந்தக் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் வாங்குங்கள். எழுத்து மங்கலாக, கையால் தேய்த்தால் அழிகிற மாதிரி இருந்தால், அல்லது பக்கத்துக் கடையைவிடப் பாதி விலைக்குக் கிடைத்தால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

பிரேக்குக்கு வருவோம். கியர் ஆயில் குடித்த லைனரை பெட்ரோலில் கழுவி, மணல் தாள் தேய்த்து மறுபடி மாட்டுவது நம் ஊரில் சாதாரணம். கழுவினால் மேலே காய்ந்துவிடும். பிரேக் பிடித்துச் சூடானதும் உள்ளே ஊறியிருக்கும் ஆயில் மேலே வரும், பிரேக் ஒரு பக்கம் இழுக்கும். அதனால் லைனர் புதிது, அதுவும் இரண்டு பக்கமும் சேர்த்து. டிரம்முக்குள் இருக்கும் தூசியை ஏர் பிடித்து ஊத விடாதீர்கள், பழைய லைனர்களில் கல்நார் இருந்திருக்கலாம். ஈரத்துணியால் துடைத்தால் போதும். பிரேக் குழாயைக் கழற்றியிருந்தால் கடைசியில் பிரேக்கில் காற்று எடுக்காமல் வண்டியைத் தெருவுக்குக் கொண்டுவரக் கூடாது. புது லைனர் போட்டு அட்ஜஸ்ட் செய்த பிறகு ஹேண்ட் பிரேக் தானாகச் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன். ஆகவில்லை என்றால் கேபிள் உறைக்குள் துருப்பிடித்து இறுகியிருக்கும், அதை மாற்றினால் போதும்.

டிஃப்ரன்ஷியல் ஆயிலை மாற்றும்போது ஒரு பழக்கம் முக்கியம்: முதலில் மேலே இருக்கும் ஊற்றும் துளையின் திருகைக் கழற்றுங்கள், அப்புறம்தான் கீழே இருக்கும் வடிகால் திருகு. ஆயிலை வடித்துவிட்டு மேல் திருகு துருப்பிடித்துக் கழலவில்லை என்றால் வண்டி அங்கேயே நிற்கும். வடித்த ஆயிலை வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பாருங்கள். சாம்பல் நிறக் குழம்பு போல மெல்லிய தூள் இருந்தால் அது வயதுக்கு உரிய தேய்மானம். பளபளக்கும் செதில்கள், பல் துண்டுகள் இருந்தால் உள்ளே கியரோ பேரிங்கோ உடைகிறது, திறந்து பார்க்க வேண்டும். புதிதாக ஊற்றுவது ஜி.எல். 5 தரத்தில் 80 டபிள்யூ 90 கியர் ஆயில். கிரவுன் பினியனின் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று அழுத்தத்தோடு வழுக்கி ஓடுபவை, இன்ஜின் ஆயில் அந்த அழுத்தத்தைத் தாங்காது. வண்டியைச் சமமாக நிறுத்தி, ஊற்றும் துளையின் விளிம்பில் ஆயில் தட்டும் வரை ஊற்றினால் போதும். இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று அதிகம் ஊற்றினால் மறுபடி சீலில்தான் ஒழுகும். மீதமான ஆயிலை கியர் பாக்ஸில் ஊற்றிவிடாதீர்கள், அதற்கு வேண்டிய தரம் வேறு.

ஒருவேளை சத்தம் கிரவுன் பினியனிலிருந்து வருகிறது என்று தெரிந்தால், அதற்காக உடனே கடன் வாங்க வேண்டாம். ஆயில் மட்டம் சரியாக இருந்து, செதில் எதுவும் வராமல், புரொப்பல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் பினியன் தலையில் ஆட்டமும் இல்லாமல் வெறும் ஊளை மட்டும் என்றால், அந்தச் சத்தத்தோடு பல காலம் ஓடும் வண்டிகள் உண்டு. மாதம் ஒருமுறை ஆயில் மட்டம் பார்த்துக்கொண்டு பணம் சேரும் வரை ஓட்டலாம். பினியன் தலையை மேலும் கீழும் ஆட்டினால் ஆடுகிறது என்றால் மட்டும் தள்ளிப்போடக் கூடாது. மாற்றும்போது குஜ்ரியில் டிஃப்ரன்ஷியலை முழுசாக வாங்கி மாட்டுவதுதான் மலிவு. இரண்டு கியரின் பற்களையும் எண்ணி உங்களுடையதோடு ஒத்துப்பார்த்து வாங்குங்கள். கிரவுன் ஒரு வண்டியிலிருந்து, பினியன் இன்னொன்றிலிருந்து என்று எடுத்துச் சேர்க்கவே கூடாது, அவை ஜோடியாக உரசிப் பொருத்தப்பட்டவை.

கமான் பட்டையில் புஷ் நைந்திருந்தால் இதோடு மாற்றிவிடுங்கள், அதிகச் செலவில்லை. ஆக்சிலைக் கமான் பட்டையோடு சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட்டின் இறுக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அது தளர்ந்திருந்தால் ஆக்சிலே நகர்ந்து, வண்டி சாய்ந்து ஓடும்.

பணத்தை எந்த வரிசையில் செலவழிப்பது என்று சொல்கிறேன். முதலில் வலது பக்கத்தை மட்டும் கழற்றிப் பார்க்கும் கூலி. அதற்கு முன்னால் எந்தப் பொருளையும் வாங்காதீர்கள். பிறகு வலது பேரிங், வளையம், சீல், இரண்டு பக்க லைனர், ஆயில். ராடு நன்றாக இருந்தால் கூலியோடு சேர்த்து இது உங்கள் கையிருப்பில் பாதி அளவுக்குள் முடிந்துவிட வேண்டும் என்பது என் கணக்கு. மிச்சம் இருக்கும் பணத்தில் இடது பக்கத்துக்கும் பேரிங், வளையம், சீல் போட்டுவிடுங்கள். அதுவும் இதே பாரத்தைச் சுமந்து இதே தூரம் ஓடியதுதான், அடுத்து அதன் முறை. ராடு மோசமாக இருந்தால் அந்த மிச்சத்தில் குஜ்ரி ராடை வாங்கிக்கொண்டு, இடது பக்கத்தைச் சில மாதம் தள்ளிப்போடுங்கள். எந்தப் பட்டறையானாலும், கழற்றிய பழைய பாகங்களை என் கையில் கொடுக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வேலை முடியும் வரை கேன்டீன் சப்ளை நிற்கக் கூடாது என்பது எனக்குப் புரிகிறது. இரண்டு நாளைக்கு ஒரு கூட்ஸ் ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள். அந்த வாடகையையும் ரிப்பேர் செலவாகவே வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த பிறகு முதல் நாள் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, இரண்டு பின் டிரம்மிலும் கையை அருகில் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள். தொட வேண்டாம். ஒன்று மட்டும் மிகவும் சூடாக இருந்தால் பேரிங்கோ லைனரோ இறுகி உரசுகிறது, திருப்பிக் கொண்டுபோங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டு, யூ போல்ட் எல்லாவற்றையும் ஒருமுறை மறுபடி இறுக்கிக்கொள்ளுங்கள்.

விற்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். உறுமுகிற, ஒழுகுகிற நிலையில் விற்றால் வாங்குபவர் அந்த 38,000-ஐத்தான் விலையில் கழிப்பார். சரிசெய்துவிட்டு யோசியுங்கள். 2012 பதிவு என்றால் 2027-ல் 15 வருடம் முடிகிறது. அப்போது ஆர்.டி.ஓ. பரிசோதனையில் தேறினால் 5 வருடத்துக்குப் புதுப்பிக்கலாம். காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆக்கப்பட்டது, வரி தனி. அந்தப் பரிசோதனையில் உங்கள் வண்டி தேறுமா என்பது ஆக்சிலைவிட அடித்தட்டின் துருவைப் பொறுத்தது. பின் பக்கத் தரை விரிப்பைத் தூக்கி, சாம்பார் சிந்தி ஊறிய மூலைகளிலும், கமான் பட்டை உடம்போடு சேரும் இடங்களிலும் ஒரு ஸ்குரூ டிரைவரால் அழுத்திப் பாருங்கள். இரும்பு கெட்டியாக நின்றால் இந்த வண்டிக்குத் தாராளமாகச் செலவழிக்கலாம். ஸ்குரூ டிரைவர் உள்ளே இறங்கினால், பேரிங் வேலையை மட்டும் முடித்துக்கொண்டு அடுத்த வண்டிக்குப் பணம் சேர்க்க ஆரம்பியுங்கள்.